வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டர்

2021 நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு நடந்த நில அதிர்வைப் பற்றி டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் ஒரு வரிச் செய்தி வெளியிட்டது. ரிக்டர் அளவு 3.6, ஆழம் 25 கிலோமீட்டர், இடம் வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டர். வேலூரில் நிலநடுக்கம் என்றே அன்றைய செய்திகள் சொல்லின. வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தால் அந்த இடம் இன்றைய வேலூர் மாவட்டத்திலேயே இல்லை. வேலூர்க் கோட்டையிலிருந்து அந்தத் திசையில் 59 கிலோமீட்டர் போனால் வாணியம்பாடி வந்துவிடும். 2019 நவம்பரில் புதிதாகப் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்து ஊர் அது.

வாணியம்பாடிதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. திசைகளைப் பதினாறாகப் பிரித்துப் பெயர் வைக்கும்போது ஒவ்வொரு பெயரும் 22.5 பாகை அகலத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. 59 கிலோமீட்டர் தொலைவில் அந்த அகலம் 23 கிலோமீட்டர் நீள வில்லாக விரிகிறது. வில்லின் ஒரு முனை ஆலங்காயத்துக்கு மேற்கே இருக்கிறது, மறுமுனை வாணியம்பாடிக்கு வடக்கே ஆந்திர எல்லையோர மலைகளில். மையத்தின் பட்டியலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உண்டு என்பது உண்மை. அந்த எண்களுக்கும் பிழை வரம்பு உண்டு, செய்தி வரிக்குள் அது வருவதில்லை.

அந்த மாதத்தின் மற்ற சங்கதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1901 முதலான கணக்கில் தென் தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை கொட்டிய நவம்பர்களில் ஒன்று அது. ஆண்டு முழுக்க மணலாகக் கிடக்கும் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் ஓடியது. நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பத்து நாள் கழித்து இந்த அதிர்வு. டிசம்பர் 23 பிற்பகல் 3.14-க்கு 3.5 அளவில் இன்னொன்று, இம்முறை வேலூருக்கு மேற்கு-வடமேற்கே 50 கிலோமீட்டர் என்றார்கள். 25-ஆம் தேதி காலையில் மறுபடியும் ஒன்று. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள், சில வீட்டுச் சுவர்களில் விரிசல் கண்டது. 22-ஆம் தேதி காலை கர்நாடகத்துச் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலும் 3 அளவை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு அதிர்வுகள் பதிவாகியிருந்தன.

ஊரில் அப்போது மூன்று கேள்விகள் உலவின. கல் குவாரி வெடியா? பூமிக்குள் இறங்கிய மழைத்தண்ணீரின் வேலையா? பழைய பிளவு ஏதாவது அசைகிறதா, அப்படியானால் பெரிதாக ஒன்று வருமா? மூன்றரை அளவில் மூன்று புள்ளிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவற்றில் எதற்கும் பதில் சொல்ல முடியாது. நிலநடுக்கங்களில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்காகும். மூன்றரையில் மூன்று நடந்திருந்தால் இரண்டரையில் முப்பதும் ஒன்றரையில் முந்நூறும் நடந்திருக்க வாய்ப்புண்டு. மனிதர் யாரும் உணராத அந்த முந்நூறுதான் பிளவு எங்கே ஓடுகிறது, எத்தனை ஆழம், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கடந்த பத்து ஆண்டுகளில் நில அதிர்வைத் தானாகக் கண்டுபிடிக்கும் கலை உலகில் வெகுதூரம் போயிருக்கிறது. தோல் தொழிலால் பெயர்பெற்ற இந்த ஆம்பூர்-வாணியம்பாடி வட்டாரத்துக்கு அதில் எது பயன்படும், எது பயன்படாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே தட்டுப்பாடு மென்பொருளுக்கு இல்லை, அருகில் இருக்க வேண்டிய கருவிக்குத்தான்.

எச்சரிக்கை வேறு, கண்காணிப்பு வேறு

தானியங்கி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கைபேசியில் ஒலிக்கும் எச்சரிக்கைதான். மெக்சிகோ 1991 முதல் அப்படியொரு அமைப்பை நடத்துகிறது. ஜப்பான் 2007 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை தருகிறது. இந்தியாவில் ஐ.ஐ.டி. ரூர்க்கியின் உழைப்பில் உத்தராகண்ட் மாநிலம் 2021 ஆகஸ்டில் ஒரு செயலியை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அசைவுணர் சில்லுகளைக் கொண்டே நடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் கூகுள் ஏற்பாடு 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. நிலநடுக்கத்திலிருந்து முதலில் புறப்படும் பி அலை பாறையில் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. அதிகச் சேதம் செய்யும் எஸ் அலை சுமார் 3.5 கிலோமீட்டர்தான் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அவகாசமே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம். கடற்கரையில் பிளவும் முந்நூறு கிலோமீட்டர் உள்ளே தலைநகரும் இருக்கும் மெக்சிகோவுக்கு அது ஒரு நிமிடம்வரை நீளும். ஆம்பூரிலிருந்து 30 கிலோமீட்டரில் ஒரு நடுக்கம் நடந்தால் பி அலை ஐந்தாவது விநாடியில் வந்துசேரும், எஸ் அலை எட்டரை விநாடியில். மிச்சமிருக்கும் மூன்றரை விநாடியும் கணினி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் போய்விடும். தவிர கூகுளின் எச்சரிக்கை 4.5 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்களுக்குத்தான் ஒலிக்கும். 2021-இன் மூன்று அதிர்வுகளும் அதன் கணக்கிலேயே வரமாட்டா.

அவசரத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2016 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ விரிகுடாவில் 9 அளவில் நிலநடுக்கம் என்று ஜப்பானின் அமைப்பு கணித்து, சில விநாடிகளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிலம் அசையவே இல்லை. 2018 ஜனவரி 5 அன்று நடந்த பிழை இன்னும் சுவாரசியமானது. வெகுதொலைவிலுள்ள இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்த இரு சிறு நடுக்கங்களைக் கணினி ஒன்றாக முடிச்சுப் போட்டு, இல்லாத ஒரு பெரிய நடுக்கத்தை உருவாக்கிவிட்டது. அலையைப் பிடிப்பதைவிட, எந்த அலை எந்த நடுக்கத்துக்குச் சொந்தம் என்று பிரிப்பதே கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹைதராபாதில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் மூன்றாவது வகை. கடலடியில் பெரிதாக ஒன்று நடந்தால் சில நிமிடங்களில் அதன் இடத்தையும் அளவையும் சொல்லியாக வேண்டும். அதன் தானியங்கி ஏற்பாடு பெரியதை, வேகமாகப் பிடிக்கும்படி அமைந்தது. பாலாற்றுக் கரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: சிறியதை, துல்லியமாக. ஒரு நாள் தாமதமானால்கூட ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நம் செய்திகளில் நிலநடுக்கத் தொழில்நுட்பம் என்று ஒரே மூட்டையில் கட்டப்படுவதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. நிதியும் எச்சரிக்கைச் செயலிகளின் பக்கமே எளிதாகச் சாயும், ஏனென்றால் அவற்றுக்குத் திறப்பு விழா நடத்தலாம்.

கோடைக்கானல் முதல் கௌரிபிதனூர் வரை

1897-இன் அசாம் பெருநடுக்கத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் கருவிகள் வந்தன. 1898-இல் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம். மறு ஆண்டே கோடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் மில்ன் வடிவமைத்த கருவி நின்றது. 1900 பிப்ரவரி 8 பின்னிரவில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் நடுங்கியது. தமிழ்நாட்டின் பதிவுகளில் பெரியது அதுதான். மில்ன் கருவியின் வடிவமைப்போ உலகின் மறுகோடியில் நடக்கும் பெரிய நடுக்கங்களின் மெதுவான அலைகளைப் பதிவதற்கானது. பக்கத்து மலையின் சிறு அதிர்வு அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்த வட்டாரத்துக்கு அருகிலுள்ள பெயர்பெற்ற நிலையமும் தொலைவைக் கேட்கவே பிறந்தது. சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துக் கௌரிபிதனூரில் 1965-இல் நம் அணுசக்தித் துறை பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தின் ஒத்துழைப்போடு ஒரு கருவி வரிசையை அமைத்தது. செங்கோண வடிவில் இரண்டு கைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், மொத்தம் இருபது உணர்கருவிகள். பிற நாடுகளின் அணுகுண்டு சோதனைகளைக் கண்டுபிடிப்பதே முதல் நோக்கம். அது வேலை செய்யும் விதம் அழகானது. தொலைவிலிருந்து வரும் அலை ஒவ்வொரு கருவியையும் சற்று முன்பின்னாகத் தொடும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி இருபது பதிவுகளையும் கூட்டினால், சமிக்ஞை ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கும். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். எந்தத் தனிக் கருவியிலும் கண்ணுக்குத் தெரியாத அலை கூட்டுத்தொகையில் எழுந்து நிற்கும். இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரில் பேசப்படும் பலவற்றுக்கும் இந்தப் பழைய எண்ணமே அடித்தளம்.

2001 ஜனவரியின் பூஜ் நிலநடுக்க அழிவு இந்திய வலையமைப்பை எண்ணியல் காலத்துக்குத் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நடுங்கியபோது சென்னைவாசிகளும் வெளியே ஓடினார்கள். நிலநடுக்க ஆபத்துப் பிரிவில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது 2002-இன் தர விதியில். 2014-இல் தேசிய நிலநடுக்கவியல் மையம் தனி அமைப்பானது. இன்று அதன் கீழ் 160-க்கு மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. நாட்டின் பரப்பை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நிலையத்துக்குச் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் வருகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தைப் போலப் பதினொரு மாவட்டங்களுக்கு ஒரு கருவி என்ற கணக்கு. அதிலும் இமயமலையும் வடகிழக்கும் அதிகப் பங்கு பெறுகின்றன. அது நியாயம்தான், ஆபத்து அங்கேதான் அதிகம்.

இப்போது வாணியம்பாடியில் நின்று அளந்து பாருங்கள். கௌரிபிதனூர் 160 கிலோமீட்டர், சென்னை 175, கோடைக்கானல் 300. கருவிகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது என்ன நடக்கிறது? பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடையிலான விநாடிகளை எட்டால் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இது மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சுருக்க வழி. மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டங்கள் போட்டால் வெட்டும் இடமே மையம். பாறையில் அலையின் வேகத்தை 6 என்று நினைத்திருக்க, உண்மையில் அது 6.3 என்று வைத்துக்கொள்வோம். 160 கிலோமீட்டரில் 8 கிலோமீட்டர் தவறிவிடும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவிலுள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதி அது.

ஆழத்தின் கதை இன்னும் மோசம். நடுக்கம் எத்தனை ஆழத்தில் நடந்ததோ, ஏறத்தாழ அத்தனை தொலைவுக்குள் ஒரு கருவியாவது இருந்தால்தான் ஆழத்தை நம்பிச் சொல்லலாம். எல்லாக் கருவிகளும் தூரத்தில் இருந்தால், ஆழத்தைக் கூட்டி நடந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினாலும் கணக்கு பொருந்திவிடும். அதனால்தான் பல நாடுகளின் மையங்கள் வழி தெரியாதபோது 10 கிலோமீட்டர் என்று நிலையாக வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. நவம்பர் 29-க்குச் சொல்லப்பட்ட 25 கிலோமீட்டரை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். தீபகற்பத்தின் கெட்டிப் பாறையில் மழைக்காலத்தை ஒட்டி வரும் சிறு அதிர்வுகள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே நடப்பவை. மழைத்தண்ணீரின் வேலையா என்ற கேள்விக்கு இந்த ஒற்றை எண்ணே உயிர்நாடி. ஐந்து கிலோமீட்டர் என்றால் அந்த வாதத்துக்கு இடமுண்டு. இருபத்தைந்து என்றால் ஒரு மாத மழை அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்க வேண்டிவரும்.

இரைச்சலுக்குள் கேட்பது

ஒரு கருவி தானாகவே அதிர்வைக் கண்டுபிடிக்கும் மிகப் பழைய முறை இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஒரு விநாடியின் சராசரி அசைவை, கடைசி அரை நிமிடத்தின் சராசரியால் வகுக்கிறார்கள். விகிதம் மூன்று, நான்கு என்று ஒரு வரம்பைத் தாண்டினால் மணி அடிக்கும். டேனரியில் நாள் முழுக்கத் தோல் டிரம் சுற்றும் சத்தத்துக்குப் பழகிய தொழிலாளி, சத்தம் மாறிய கணத்தில் மட்டும் தலையை நிமிர்த்துகிறாரே, அதே உத்தி. ரெக்ஸ் ஆலன் 1978-இல் இதை ஒரு நிலையத்தின் பதிவிலிருந்தே அலையின் வருகை நேரத்தைக் குறிக்கும் கணினி முறையாக வளர்த்தெடுத்தார்.

இந்த முறை எளியது, மலிவானது, எதையும் கற்றுக்கொள்ளாது. லாரி வந்தாலும் மணி அடிக்கும், மாடு வேலியில் உரசினாலும் அடிக்கும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை, ஜோலார்பேட்டை வழியாகப் போகும் ரயில்கள், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் டேனரி டிரம்கள், ஷூ கம்பெனிகளின் ஜெனரேட்டர்கள், ஊரோரத்தில் பாறையைத் துளைக்கும் திருச்செங்கோட்டு போர் வண்டி என்று இவை எழுப்பும் அதிர்வெல்லாம் விநாடிக்கு ஒன்று முதல் இருபது வரையிலான அலைவரிசையில் விழுகின்றன. ஒன்றரை அளவு நடுக்கமும் அதே வரிசையில்தான் பேசும். 2020 ஊரடங்கின்போது உலகின் பல நிலையங்களில் மனிதர் எழுப்பும் அதிர்வு பாதிவரை அடங்கியதாக ஆய்வாளர்கள் அளந்தார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு கருவி அந்த மாதங்களில் கேட்டிருந்தால் என்னவெல்லாம் கேட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இரைச்சலைவிடத் தந்திரமானது குவாரி வெடி. அது உண்மையிலேயே நிலத்தை அதிர வைக்கிறது, கருவிக்கு அது நடுக்கம்தான். வேறுபாடு அலையின் வடிவத்தில் இருக்கிறது. வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுவதால் பி அலை வலுத்து, எஸ் அலை மெலிந்திருக்கும். பிளவு நழுவும்போது எஸ் அலை ஓங்கும். மேலோட்டமான வெடிக்கே உரிய மெதுவான நிலமட்ட அலைகளும் உண்டு. இவற்றை விட எளிய சோதனை ஒன்று இருக்கிறது: பட்டியலில் உள்ள அதிர்வுகளை மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். பகல் பன்னிரண்டிலிருந்து நாலுக்குள் குவிந்திருந்தால் குவாரி கலந்திருக்கிறது. இயற்கை நடுக்கம் கடிகாரம் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் இரவில் ஊர் அடங்குவதால் இரவு அதிர்வுகளே பட்டியலில் அதிகம் தென்பட வேண்டும்.

கலிபோர்னியாவில் படித்த கணினி

2018-க்குப் பிறகு இந்தத் துறையின் முகம் மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வெய்ச்சியாங் ஜூவும் கிரெகரி பெரோசாவும் உருவாக்கிய ஃபேஸ்நெட் என்ற நரம்புவலை மாதிரி, வட கலிபோர்னியாவின் ஏறத்தாழ 7,80,000 பதிவுகளைப் படித்துத் தேர்ந்தது. அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் பி எங்கே, எஸ் எங்கே என்று மனித ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையால் குறித்துவைத்திருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் முஸ்தஃபா மூசவி குழுவினர் 2020-இல் வெளியிட்ட மாதிரியை, ஜப்பானில் 2000-இல் நடந்த டொட்டோரி நடுக்கத்தின் பின்னதிர்வுகளில் சோதித்தார்கள். நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றை வைத்துக்கொண்டே பழைய பட்டியலைப் போல இரு மடங்கு அதிர்வுகள் கிடைத்தன.

இன்னொரு பாதையும் உண்டு. தெரிந்த ஒரு நடுக்கத்தின் அலைவடிவத்தை அச்சாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கான தொடர் பதிவில் அதே சாயலைத் தேடிக்கொண்டே போவது. ஒரே இடத்தில், ஒரே விதமாக நழுவும் நடுக்கங்கள் ஒரு கருவியில் ஒரே மாதிரிதான் எழுதும். கையெழுத்து அத்தனை ஒத்திருப்பதால் இரைச்சலுக்கு அடியில் புதைந்ததும் அகப்படும். 2019-இல் சாக்கரி ராஸ் குழுவினர் தென் கலிபோர்னியாவின் பத்தாண்டுப் பதிவுகளை இப்படி அலசி, 18 லட்சம் நடுக்கங்களைப் பட்டியலிட்டார்கள். முன்பிருந்ததைப் போலப் பத்து மடங்கு.

இந்த எண்களைக் கேட்டு மயங்கி, மென்பொருளைக் கொண்டுவந்து நம் பதிவுகளில் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான கருவிகள் நெருக்கமாக நிற்கின்றன, மாதிரி அந்த அடர்த்தியின் பிள்ளை. தவிர, அங்குள்ள நிலம் இளமையானது, நொறுங்கியது, உயர் அதிர்வெண் அலைகளைச் சீக்கிரம் விழுங்கிவிடும். ஏலகிரியும் ஜவ்வாது மலையும் நிற்கும் இந்தப் பாறை இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள கெட்டிப் பாறை, கூர்மையான அலைகளை வெகுதூரம் கடத்தும். நம் நடுக்கத்தின் எழுத்தே வேறு. அங்கே படித்த மாதிரி இங்கே சில அலைகளைத் தவறவிடும், சில வெடிகளை நடுக்கம் என்று நிச்சயமாகச் சொல்லும். தவறு செய்யும்போதும் அதே நிச்சயத்தோடு சொல்வது இந்த மாதிரிகளின் குணம்.

மருந்து தெரிந்ததுதான். உள்ளூர்ப் பதிவுகள் சில ஆயிரத்தை அனுபவமுள்ளவர் கையால் குறித்து, மாதிரிக்கு மறுபாடம் நடத்த வேண்டும். இங்கே மூன்றாவது சிக்கல் வருகிறது. கலிபோர்னியாவின் தொடர் பதிவுகளை உலகில் யாரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வேலூரில் படிக்கும் ஒரு மாணவர் அமெரிக்க நடுக்கத்தை ஆராய்வது, குடியாத்தம் நடுக்கத்தை ஆராய்வதைவிடச் சுலபம். நம் வலையமைப்பின் அளவு, நேரம், இடம் எல்லாம் உடனுக்குடன் வெளியாகின்றன. அலைப்பதிவு அப்படித் தாராளமாகக் கிடைப்பதில்லை. எல்லைப்புறத் தரவுகளுக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லலாம். பாலாற்றுக் கரையின் மூன்றரை அளவு அதிர்வுக்கு அந்தக் காரணம் பொருந்தாது என்பது என் கருத்து. நவம்பர், டிசம்பர் 2021-இன் தொடர் பதிவுகளை வெளியிட்டால், அந்த மூன்று அதிர்வுகளை அச்சாக வைத்து ஒரு முதுகலை மாணவரே மறைந்து கிடக்கும் சிறு அதிர்வுகளைத் தேடிப்பார்க்கலாம். அதற்குப் புதிய கருவி ஒன்றும் வேண்டாம்.

எங்கே நடுவது

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2000-இல் வெளியிட்ட நிலநடுக்கப் புவியமைப்பு வரைபடத் தொகுதியில் இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பாம்பாறு, ஜவ்வாது மலை, அமிர்தி என்று பிளவுகளின் பெயர்கள் வரும். வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அது இன்று அசைகிறது என்று ஆகாது. 1984 மார்ச்சில் ஓசூர்ப் பக்கம் 4.6 அளவில் ஒன்று நடந்திருக்கிறது. ஆகவே இது முற்றிலும் உறங்கும் நிலமும் அல்ல. எந்தக் கோட்டுக்கு உயிர் இருக்கிறது என்று தெரிய இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக ஐந்தாறு கருவிகள் போதும். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பரில் தொடங்கிய தொடர் அதிர்வுகளுக்கு இப்படித்தான் உள்ளூர் வலை போட்டார்கள். ஆயிரக்கணக்கில் சிறு அதிர்வுகள் அகப்பட்டதும் அங்கே நடப்பதன் வடிவம் தெளிவாயிற்று.

இடத்துக்குக் குறைவில்லை. ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968 முதல் அங்கே வானைப் பார்க்கிறார்கள், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. கோடைக்கானல் ஆய்வகத்தின் கிளையாகத் தொடங்கிய இடம் அது. மில்ன் கருவி நின்ற அதே நிறுவனத்தின் வாரிசு. ஊர் வெளிச்சம் எட்டாத மலை என்பதால் அதைத் தேர்ந்தார்கள். ஊர் அதிர்வும் அங்கே குறைவாகத்தான் எட்டும். அடியில் பாறை, மின்சாரம், இணைய இணைப்பு, காவல் எல்லாம் உண்டு. நிலையம் அமைத்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: கருவி வாங்குவது சுலபம், அதை ஐந்து ஆண்டு உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். சூரியத் தகடு களவுபோகும், எலி வயரைக் கடிக்கும், இடி விழும்.

சமவெளியில் இரைச்சலுக்குத் தப்ப நிலத்துக்குள் இறங்க வேண்டும். நூறு மீட்டர் ஆழத்தில் லாரியின் அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். மற்ற நாடுகளில் இதற்கென்றே செலவு செய்து துளையிடுகிறார்கள். நம் வட்டாரத்திலோ ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் கைவிட்ட ஆறரை அங்குல போர்கள் எத்தனையோ கிடக்கின்றன. அந்த அகலத்துக்குள் இறங்கும் உணர்கருவிகள் சந்தையில் இருக்கின்றன. மூடாத போரில் குழந்தை விழுந்து பதறும் மாநிலத்தில், அவற்றில் ஐந்தைத் தேர்ந்து குழாய் இறக்கிப் பூட்டிக் கருவி வைப்பது இரண்டு விதத்திலும் நல்லது.

ஜோலார்பேட்டை வழியாகத் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கண்ணாடி இழைக் கேபிளும் ஒரு வாய்ப்புதான். இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியின் நுண்ணிய மாற்றத்திலிருந்து சில மீட்டருக்கு ஒரு கருவி வைத்தாற்போல அசைவை அளக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. ஆனால் ரயிலுக்குப் பக்கத்திலேயே கேட்க வேண்டியிருக்கும், விலையும் அதிகம். இப்போதைக்கு இது ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது.

பள்ளிகளில் வைக்கும் மலிவுக் கருவிகளைப் பற்றி எனக்கு நம்பிக்கை அதிகம். 2015 பேரழிவுக்குப் பின் நேபாளத்துப் பள்ளிகளில் சிறு கணினியோடு இணைந்த இத்தகைய கருவிகளை வைத்து, ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளும் வலையை அமைத்தார்கள். வகுப்பறையின் ஆட்டம்பாட்டம் பதிவில் கலக்கும், பரவாயில்லை. இரவிலும் விடுமுறையிலும் பள்ளிக்கூடத்தைப் போல அமைதியான கட்டடம் ஊரில் வேறில்லை.

மனிதர்களும் உணர்கருவிகள்தாம். பேரணாம்பட்டில் அதிர்ந்த செய்தி டெல்லியின் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். ஐரோப்பிய-மத்தியதரைக்கடல் நிலநடுக்க மையம், மக்கள் பதறிப்போய்த் தன் வலைத்தளத்தைத் திறக்கும் வேகத்தை வைத்தே எங்கோ நடுங்கியிருக்கிறது என்று ஊகிக்கிறது. நம் மையத்துக்கும் உணர்ந்ததைத் தெரிவிக்கும் வழி உண்டு. அந்தக் கேள்விகள் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆம்பூர், பேரணாம்பட்டுத் தெருக்களில் மூன்றும் பேசுகிறார்கள். சத்தம் முதலில் வந்ததா, ஆட்டம் முதலில் வந்ததா? இடி போலவா, லாரி போவது போலவா? பாத்திரம் உருண்டதா? அருகில், ஆழமில்லாமல் நடந்தால் சத்தம் கேட்கும். கருவி சொல்லும் ஆழத்தைச் சரிபார்க்க இந்த ஒரு பதில் உதவும்.

மழைத்தண்ணீர்க் கேள்விக்கு வருவோம். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் பல ஆண்டுகளாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் ஏரியும் கிணறும் நிறைந்தன. வெடிப்புகளுக்குள் நீரழுத்தம் ஏறி, ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்த பிளவைத் தளர்த்தியிருக்கலாம் என்பது சிக்கபள்ளாப்பூரையும் சேர்த்து அறிவியலாளர்கள் முன்வைத்த ஊகம். அது சரியென்றால் சிறு அதிர்வுகள் மழைக்குப் பின் நாள்கள் செல்லச்செல்ல ஒரு மையத்திலிருந்து மெல்லப் பரவி ஆழத்துக்கு இறங்க வேண்டும். பரவும் வேகத்திலிருந்து பாறையில் நீர் புகும் திறனைக்கூடக் கணக்கிடலாம். தவறென்றால் அப்படியொரு நகர்வு தெரியாது. இந்தச் சோதனைக்கு அதிர்வு நடப்பதற்கு முன்பே கருவி நிலத்தில் இருந்தாக வேண்டும், அல்லது முதல் அதிர்வின் அன்றைக்கே போய் நட வேண்டும்.

முன்னேற்பாடு பெரிதல்ல. ஐந்து கையடக்கக் கருவிகள், பேட்டரிகள், ஜி.பி.எஸ். கடிகாரங்கள், இடம் தர ஒப்புக்கொண்ட பள்ளிகளின், பண்ணைகளின் பட்டியல் எல்லாம் வேலூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு கல்லூரியின் பொறுப்பில் பெட்டியில் இருந்தால் போதும். குவாரிகள் வெடி வைக்கும் நாளையும் நேரத்தையும் கனிமவளத் துறை ஒரு தாளில் எழுதி அந்தக் கல்லூரிக்கு அனுப்பிவந்தால், கணினிக்கு எது வெடி, எது நடுக்கம் என்று கற்பிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பேட்டரியைச் சோதித்து, மழை பிடிப்பதற்கு முன் ஓரிரு வாரம் வறண்ட நிலத்தின் பதிவையும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் செப்டம்பர் நடுவிலேயே கருவிகளை நட்டுவிட வேண்டும்.